கசானில் ஆங்கில டீச்சர், ரஷ்ய மாணவி

"சித்தால் இல்லை அபா, சித்தாலா."

ஏழு வயதுப் பையன் ஒருவன் அடுக்களை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து இப்படித் திருத்தினான். அவன் கொடுத்த படக்கதைப் புத்தகத்தைப் படித்தாயா என்று கேட்டிருந்தான். "யா சித்தால்" என்றேன். அது ஆண் சொல்ல வேண்டிய வடிவம். தமிழில் "நான் படித்தேன்" என்று யார் சொன்னாலும் ஒன்றுதான். ரஷ்ய மொழியில் "நான்" என்று தொடங்கினாலும் இறந்தகால வினை ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். இந்த விதியை வகுப்பில் படித்திருந்தேன், தேர்விலும் சரியாக எழுதியிருந்தேன். ஆனால் உடன் படித்த ஆண்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டு வாய் அப்படிப் பழகியிருந்தது. அந்த மாலைக்குப் பிறகு ஒருமுறைகூட அந்தத் தவறு வந்ததில்லை.

அபா என்பது தாத்தார் மொழிச் சொல். அக்கா, அத்தை, டீச்சர் எல்லோருக்கும் அதுதான். முதல்முறை கேட்டபோது "அப்பா" என்று காதில் விழுந்து திரும்பிப் பார்த்தேன்.

ரஷ்யாவுக்குப் போய் ஆங்கிலம் கற்பித்துக் கொஞ்சம் சம்பாதித்து, கூடவே ரஷ்ய மொழியும் கற்கலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆனது.

2022 அக்டோபரில் கசானுக்குப் போனேன். தாத்தார்ஸ்தான் குடியரசின் தலைநகர், வோல்கா ஆற்றங்கரை. மெட்ரோவில் தாத்தார், ரஷ்யன், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் அறிவிப்பு வரும். முதல் ஆண்டு மொழிக்கான ஆயத்தப் படிப்பு, அடுத்த இரண்டு ஆண்டு முதுகலை. ஊரில் நான்கு ஆண்டு பள்ளியில் ஆங்கிலம் நடத்தியிருந்தேன். அந்த அனுபவம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையில்தான் கிளம்பினேன்.

விசா விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துவது சட்டவிரோதம். "எல்லோரும் செய்கிறார்கள்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பிடிபட்டு, வெளியேற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டால் ஐந்து ஆண்டு அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. வேலை விசா வேண்டுமென்றால் நிறுவனம் முன்வந்து அனுமதி எடுக்க வேண்டும். மூன்று மாத வேலைக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபமான வழி படிப்புதான். அங்கீகாரம் பெற்ற பட்டப் படிப்பில் முழுநேர மாணவராக இருந்தால், படிப்பு நேரம் போக மீதி நேரத்தில் தனி வேலை அனுமதி இல்லாமலே ஒப்பந்தம் போட்டு வேலை செய்யலாம். 2020இல் வந்த சட்டத் திருத்தம் அது. அதற்கு முன் பெரும்பாலும் விடுமுறைக் காலத்தில் மட்டும்தான் முடியும். ஆயத்த ஆண்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதனால் முதல் ஆண்டு முழுக்க நான் ஒரு ரூபிள்கூடச் சம்பாதிக்கவில்லை. நகர நூலகம் ஒன்றில் சனிக்கிழமை தோறும் நடந்த ஆங்கிலப் பேச்சு வட்டத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேலை கிடைத்ததெல்லாம் அந்த வட்டத்தில் பழகியவர்கள் மூலமாகத்தான் என்பதால், அந்தச் சனிக்கிழமைகள் வீண் போகவில்லை.

கையிருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் ரஷ்யாவை விட்டு விலகியதால் நம் ஊர் வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. முதல் இரண்டு மாதச் செலவுக்கான பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட்டை ரஷ்ய மொழியில் பெயர்த்து நோட்டரி முத்திரை வாங்கினால் உள்ளூர் வங்கியில் கணக்குத் திறந்து ரஷ்யாவின் சொந்த வங்கி அட்டையான மீர் அட்டை வாங்கலாம். அந்த மொழிபெயர்ப்பில் நான்கைந்து பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு, வேலை, மருத்துவமனை என்று எங்கே போனாலும் கேட்பார்கள். விமான நிலையத்தில் தரும் குடியேற்றச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். வந்த ஏழு வேலை நாட்களுக்குள் தங்குமிடத்தின் பேரில் பதிவு செய்திருக்க வேண்டும். விடுதியில் இருந்தால் பல்கலைக்கழகமே செய்துவிடும். வாடகை அறை என்றால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும். "பதிவு செய்து தருவீர்களா?" என்று கேட்ட பிறகே வாடகை பேசுங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

2023 செப்டம்பரில் முதுகலை தொடங்கியதும் ஹெட்ஹன்டர் தளத்தில் என் விவரங்களைப் போட்டேன். விளம்பரங்களில் திரும்பத் திரும்ப ஒரு சொல் வந்தது: நசீத்தில். "சுமப்பவர்" என்று பொருள். மொழியைப் பொறுத்தவரை தாய்மொழியாளர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சுமப்பவர் வேண்டுமாம். நான்கு இடங்களில் தொலைபேசியில் நன்றாகப் பேசிவிட்டு, நேரில் பார்த்ததும் "பிறகு சொல்கிறோம்" என்றார்கள். ஒரு மொழி மையம் வேறு மாதிரி. பெற்றோரிடம் நான் லண்டனில் வளர்ந்தவள் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டது. மறுத்துவிட்டேன். வேலை போனது. அன்று விடுதிக்கு நடந்தே திரும்பினேன். மனம் மிகவும் கனத்திருந்தது.

அதன் பிறகு என் விவரக் குறிப்பை மாற்றி எழுதினேன். முதல் வரியே இப்படித்தான்: "என் தாய்மொழி தமிழ். ஆங்கிலத்தை உங்களைப் போலவே பள்ளியில் கற்றவள். உங்கள் பிள்ளை எங்கே தடுக்கி விழுவான் என்று எனக்குத் தெரியும்." இதை வி.காவில், அதாவது வி.கான்டாக்டே தளத்தில், எங்கள் வட்டாரக் குழுவில் போட்டேன். அந்த வாரமே மூன்று அம்மாக்கள் அழைத்தார்கள். அப்புறம் விளம்பரம் தேவைப்படவில்லை. ஒருவர் சொல்லி மற்றவர் வருவதை அங்கே "சரஃபான் வானொலி" என்பார்கள். சரஃபான் அந்தக் காலப் பெண்கள் அணியும் நீண்ட ஆடை. ஒரு பிள்ளையின் மதிப்பெண் கூடினால் பெற்றோர் அரட்டைக் குழுவில் இந்த வானொலி இரவு பகலாக ஒலிக்கும்.

"தடுக்கி விழும் இடம் தெரியும்" என்றது வெறும் பேச்சில்லை. ரஷ்ய மொழியிலும் தமிழைப் போலவே "அ", "தி" என்று பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ஆங்கிலச் சுட்டுகள் கிடையாது. பிறவியிலேயே ஆங்கிலம் பேசும் ஆசிரியருக்கு "இங்கே ஏன் தி?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாது. "அப்படித்தான் சொல்வோம்" என்பார். எனக்குப் பதில் தெரியும், ஏனென்றால் நானும் அதைப் பத்து வயதில் மனப்பாடம் செய்து கற்றவள். "ஐ ஃபீல் மைசெல்ஃப் குட்" என்று அவர்கள் சொல்வது ரஷ்ய வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்தில் போடுவதால் வருகிறது. "டாக்" என்று கேட்டால் நாயைச் சொல்கிறார்களா, கப்பல் துறையைச் சொல்கிறார்களா என்று குழப்பம் வரும், ஏனென்றால் ரஷ்ய மொழியில் சொல்லின் கடைசி மெய் அதிர்வில்லாமல் வல்லொலியாகிவிடும். "வி", "டபிள்யூ" இரண்டும் அவர்களுக்கு ஒன்று. இந்தத் தடுமாற்றங்களைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் போட்டேன். அதுவே என் பாடத்திட்டம் ஆனது. அதே நோட்டுதான், தலைகீழாகத் திருப்பினால், என் ரஷ்ய இலக்கண நோட்டு. பிள்ளை ஆங்கிலத்தில் தவறாகச் சொன்னால், அவன் மனத்தில் ஓடிய ரஷ்ய வாக்கியம் என்ன என்று கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதிக்கொள்வேன்.

இங்கே தமிழர்களுக்கு ஒரு நல்ல செய்தி. ரஷ்ய மொழி கடினம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள், ஆறு வேற்றுமை இருக்கிறது என்பார்கள். நமக்கு எட்டு இருக்கிறது, நாம் பயப்படுவானேன்! ஆங்கிலம் வழியாக ரஷ்ய மொழியைப் படித்த மாதங்கள் எனக்குச் சித்திரவதை. ஒரு நாள் "ம்னே ஹோலத்ன" என்ற வாக்கியத்தைத் தமிழில் வைத்துப் பார்த்தேன்: "எனக்குக் குளிர்கிறது." அதே நான்காம் வேற்றுமை. "ம்னே த்வாத்சத் ஷேஸ்த் லெத்" என்றால் "எனக்கு இருபத்தாறு வயது." அதுவும் அப்படியே. "யா உச்சீத்தில்" என்றால் "நான் ஆசிரியர்". நடுவில் இணைப்பு வினை எதுவும் வேண்டாம். "தீ", "வீ" என்பவை நம் நீ, நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்று ஆங்கிலேயரைப் போல நாம் தடுமாற வேண்டியதில்லை.

இன்னும் நுட்பமான இடங்களும் உண்டு. "புத்தகம் வாங்கினேன்" என்று ஐ உருபை விட்டுச் சொல்லலாம், ஆனால் "மாணவன் பார்த்தேன்" என்று சொல்ல முடியாது, "மாணவனை" என்றே வர வேண்டும். ரஷ்ய மொழியிலும் ஆண்பால் சொற்களில் உயிருள்ளதற்கும் இல்லாததற்கும் இதே வேறுபாடு: "வீஷு ஸ்தோல்" என்றால் மேசையைப் பார்க்கிறேன், உருபு இல்லை, "வீஷு ஸ்துத்யேந்தா" என்றால் மாணவனைப் பார்க்கிறேன், உருபு வந்துவிட்டது. "படித்தேன்", "படித்துவிட்டேன்" இரண்டுக்கும் நமக்கு வித்தியாசம் தெரியும் அல்லவா? அதுதான் "சித்தாலா", "பிரசித்தாலா". ரஷ்ய வினைச்சொல்லின் இந்த இரட்டைத் தன்மையை மற்ற நாட்டு மாணவர்கள் பக்கம் பக்கமாகப் படித்தார்கள். எனக்கு "விடு" என்ற துணைவினை பெரும்பாலான இடங்களில் வழிகாட்டியது. எல்லா இடத்திலும் பொருந்தாது, "போ", "வா" வகை வினைகள் என்னைப் படாதபாடு படுத்தின. நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு வேறு வினை. போய்த் திரும்புவது, வழக்கமாகப் போவது என்று அதற்குள்ளும் கிளைகள். ஆனாலும் தமிழ் வழியாக ரஷ்ய மொழிக்குள் போங்கள் என்றுதான் சொல்வேன்.

இப்போது அந்தப் பொறி. முதல் மூன்று மாதம் நான் எடுத்துக்கொண்டது பெரியவர்களுக்கான பேச்சு வகுப்புகள். கணினித் துறையில் இருப்பவர்கள், நன்றாக ஆங்கிலம் பேசுபவர்கள், நல்ல கட்டணம். ஒரு பாட நேரம் என்பது அங்கே 45 நிமிடம், அதற்கு 900 ரூபிள் வரை தந்தார்கள். அப்போது ரூபிளும் ரூபாயும் மதிப்பில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. வாரத்துக்குப் பன்னிரண்டு பாடம். டிசம்பரில் என் ரஷ்ய ஆசிரியை என்னிடம் கேட்டார்: "ஆகஸ்டில் இதைவிட நன்றாகப் பேசினாயே, என்ன ஆயிற்று?" உண்மைதான். நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசினால் ரஷ்ய மொழி எங்கிருந்து வரும்? வந்த நாட்டின் மொழியைக் கற்க விடாமல் என்னைத் தடுத்தது நான் சம்பாதித்த வேலையேதான்.

அதனால் ஜனவரியில் மாணவர்களை மாற்றினேன். பணம் குறைவு, ஆனால் யாரிடம் எனக்கு ரஷ்ய மொழி கிடைக்குமோ அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். முதலில் சின்னப் பிள்ளைகள், பாடத்துக்கு 700 ரூபிள். ஆங்கிலமே தெரியாத ஏழு வயதுப் பிள்ளையிடம் உட்காரு, திற, பொறு, மெதுவாக, இன்னொரு முறை என்று ரஷ்ய மொழியில்தான் சொல்லியாக வேண்டும். ஏவல் வினைகள் ஒரே மாதத்தில் நாக்கில் ஏறிவிட்டன. பிள்ளைகள் தயவுதாட்சண்யம் பார்ப்பதில்லை. பெரியவர்கள் மரியாதைக்காக நம் தவறைக் கண்டும் காணாமல் விடுவார்கள், பிள்ளைகள் அந்த நொடியே திருத்துவார்கள். பாடம் முடிந்ததும் பெரும்பாலான வீடுகளில் தேநீர் வரும், கூடவே சக்-சக் என்ற தேனில் ஊறிய இனிப்பு. அந்தக் கால்மணி நேரம் பாட்டியோடு பேசுவதற்கு. அதை மறுத்து எழுந்துவிடாதீர்கள். வகுப்பில் ஒரு மாதம் உட்கார்ந்தும் வராத சொற்கள் எனக்கு அந்தத் தேநீரோடு வந்தன. (வீட்டுக்குள் நுழையும்போது காலணியைக் கழற்றுவது நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வெறுங்காலோடு நிற்க விட மாட்டார்கள், தாப்பச்கி என்ற வீட்டுச் செருப்பு ஒன்று காத்திருக்கும்.)

அடுத்தது பதினோராம் வகுப்பு மாணவர்கள். யெகே என்ற பள்ளி இறுதி அரசுத் தேர்வில் ஆங்கிலம் விருப்பப் பாடம். பிப்ரவரி முதல் மே வரை பிள்ளைகள் ரெபெடீட்டரைத் தேடி அலைவார்கள். ரெபெடீட்டர் என்றால் நம் ட்யூஷன் டீச்சர். குறுகிய காலத்துக்கு வேலை தேடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை, ஏனென்றால் நான்கு மாதத்தில் தானாகவே முடிந்துவிடும், யாரையும் பாதியில் விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் இருக்காது. தேர்வின் பேச்சுப் பகுதி தனி நாளில் நடக்கும். எதிரில் ஆள் இருக்க மாட்டார், ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு கணினியிடம் பேச வேண்டும், தயாராகும் நேரத்தையும் சேர்த்து மொத்தம் 17 நிமிடம். முதல் பணி ஒரு பத்தியை ஒன்றரை நிமிடத்தில் உரக்கப் படிப்பது. பிள்ளைகள் அஞ்சுவது இந்தப் பேச்சுப் பகுதிக்குத்தான், அதில் நம்மால் உண்மையிலேயே உதவ முடியும். கடிகாரம் வைத்துப் பழக்கினேன். ஆனால் ஒரு விஷயம்: தேர்வின் மாதிரித் தாள்களை முன்கூட்டியே முழுதாகப் படித்துவிட்டுப் போங்கள். முதல் மாணவியின் அப்பா எழுத்துப் பகுதியின் மதிப்பெண் முறையைப் பற்றிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை.

பணத்தில் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு சிறிய மொழி மையம் கையெழுத்து எதுவும் இல்லாமல் மார்ச் மாதம் முழுக்க வேலை வாங்கிவிட்டு, "மாணவர்கள் நின்றுவிட்டார்கள்" என்று பாதிச் சம்பளம்தான் தந்தது. கேட்க என்னிடம் காகிதமே இல்லை. தகவோர், அதாவது ஒப்பந்தம், கையில் இல்லாமல் முதல் பாடம்கூட எடுக்காதீர்கள். நம்மை வேலைக்கு எடுத்ததை நிறுவனம் மூன்று வேலை நாட்களுக்குள் உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் வேண்டாம் என்று சொல்லும் இடம் அதையும் செய்யாது, சிக்கல் நம் தலையில் விழும். வரியையும் கணக்கில் வையுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 183 நாட்கள் ரஷ்யாவில் இருந்திராவிட்டால் சம்பளத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். அதன் பிறகு என் போன்றோர் சம்பளத்துக்கு 13. அந்தச் செப்டம்பரில் புதிதாக வந்திறங்கிய தோழி ஒருத்தி முதல் சம்பளத்தைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

2024 கோடையில் கசானுக்கு வெளியே பைன் காட்டுக்குள் இருந்த பிள்ளைகள் முகாம் ஒன்றில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஒரு ஸ்மேனா, அதாவது ஒரு சுற்று, 21 நாள். தங்குமிடமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள். மரக்கறி மட்டும் உண்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பெரும்பாலான நாள் கிரேச்கா என்ற பக்வீட் தானியச் சோறுதான், பழகிவிட்டது. காலையில் உடற்பயிற்சி, இரண்டு ஆங்கிலப் பாடம், மதியம் "அமைதி நேரம்", மாலையில் போட்டிகள். நாள் முழுக்கக் காதில் விழுவது ரஷ்ய மொழி மட்டும். அது பாடநூல் மொழியும் அல்ல: சண்டை, கெஞ்சல், ரகசியம், ஆறுதல். வீட்டை நினைத்து அழும் பிள்ளையிடம் இலக்கணம் யோசித்துக்கொண்டிருக்க முடியாது, வாயில் வந்ததைச் சொல்லி அணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரவில் அகன்யோக் நடக்கும். சிறு நெருப்பு என்று பொருள். விளக்கை அணைத்து வட்டமாக உட்கார்ந்து, நடுவே ஒரு மெழுகுவர்த்தி வைத்து, அன்றைய நாளைப் பற்றி ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் வாரம் இரண்டு வாக்கியங்களை எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எட்டாம் நாள் ஒரு பெண் குழந்தை, எட்டு வயதிருக்கும், தன் நாய் செத்துப்போனதைச் சொன்னாள். அடுத்து என் முறை. தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் அந்த இடத்தில் பொருந்தவில்லை. எங்கள் வீட்டில் வளர்ந்த நாயைப் பற்றி, அது மழையில் திண்ணையில் படுத்துக் கிடந்ததைப் பற்றி, பத்து நிமிடம் பேசினேன். திண்ணைக்கு ரஷ்யச் சொல் தெரியவில்லை, "வீட்டுக்கு வெளியே இருக்கும் வீடு" என்று சொன்னேன். யாரும் திருத்தவில்லை. அன்றுதான் அந்த மொழியில் நான் முதல்முறையாகத் தயாரிப்பில்லாமல் பேசினேன்.

முகாம் வேலைக்கு ஆவணங்கள் அதிகம், அதில் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளைகளோடு பணிபுரிய மெத்க்னீஷ்கா என்ற மருத்துவப் புத்தகம் வேண்டும்: மார்பு எக்ஸ்ரே, தடுப்பூசிகள், பரிசோதனைகள், ஒவ்வொன்றுக்கும் முத்திரை. குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழும் வேண்டும். என்னிடம் இந்தியாவிலிருந்தும் கேட்டார்கள். அதை நான் கொண்டுபோகவில்லை. ஊரிலிருந்து வரவழைக்க இரண்டு மாதம் ஓடிவிட்டது, ஜூன் மாதச் சுற்று தவறிப் போய் ஜூலைச் சுற்றில்தான் சேர முடிந்தது.

2025இல் படிப்பை முடித்து ஊர் திரும்பிய பிறகு, கசானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தென்காசிப் பெண் ஒருத்தி தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, என்னென்ன வாங்கிட்டுப் போகணும்?" அவள் கேட்டது கம்பளி உடுப்பைப் பற்றி. கம்பளி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்றேன். முதலில் பாஸ்போர்ட் அலுவலகத்தில் காவல்துறைச் சான்றிதழ் எடு, ஆவணத்தை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை வாங்கு. பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம் முதலில், அப்போஸ்டில் அதன் பிறகு. தடுப்பூசி அட்டையை எடுத்து வை. எல்லாவற்றையும் பெட்டியில் போடாதே, கைப்பையில் வை. அவள் எழுதிக்கொண்டாள். "அப்புறம்?" என்றாள். முதல் மாதமே சின்னப் பிள்ளைகளைத் தேடிக்கொள் என்றேன்.